பள்ளிக்கூடத்துக்கு வந்த பையர்

ஸ்வீடனில் நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியை அறைக்குள் வந்தால் யாரும் எழுந்து நிற்பதில்லை. சேர்ந்த முதல் வாரம் நான் எழுந்து நின்றேன். "அதற்குள் கிளம்பிவிட்டாயா?" என்று கேட்டார். அசடு வழிய உட்கார்ந்தேன். மறுநாளும் அவர் வந்தார், என் கால் என் பேச்சைக் கேட்காமல் எழுந்துகொண்டது. "முதுகு வலியா?" என்றார். காதுக்குப் புரிந்தாலும் வாயில் என் ஸ்வீடிஷ் அப்போது ஆமாம், இல்லை, நன்றி என்ற மூன்று சொல்லோடு நின்றிருந்ததால் நன்றி என்றேன். மூன்றாம் நாள் எனக்கென்று ஒரு மேசை வந்து இறங்கியது. பொத்தானை அழுத்தினால் மேலே ஏறும், கீழே இறங்கும். மரியாதை காட்டப் போய் மேசை வாங்கியவள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அந்த மேசையில் வைத்து எழுத எனக்கு ஒன்றும் இல்லை என்பது வேறு விஷயம். ஊரில் எல்லோரிடமும் "ஸ்கூல்ல வேலை" என்று சொல்லி வைத்திருக்கிறேன். அது பொய்யில்லை. பனிக்காலத்தில் ஆறு வயதுப் பிள்ளைகளுக்குத் தலை முதல் கால் வரை மூடும் அங்கியை மாட்டி ஜிப் போட்டுவிடுவேன், மூக்கைத் துடைத்துவிடுவேன், சாப்பிட வைப்பேன். இருபதாவது பிள்ளைக்கு ஜிப் போட்டு நிமிரும்போது முதல் பிள்ளைக்கு ஒன்றுக்கு வந்துவிடும். இந்த வேலைக்கு அங்கே பார்ன்ஷோத்தாரே என்று பெயர். பல்லடம் பக்கத்தில் எட்டு வருடம் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தவள் நான். எம்.எஸ்ஸி., பி.எட். சான்றிதழ்கள் கோப்பில் பத்திரமாக இருக்கின்றன. அங்கே ஆசிரியராக வேண்டுமென்றால் அவர்கள் மொழியில் இன்னும் பல தேர்வுகளைத் தாண்ட வேண்டும். இதை அம்மாவிடம்கூட நான் சொன்னதில்லை. வெளிநாட்டில் இருக்கும் என்னைப் போன்றவர்களே, நீங்கள் ஊருக்குச் சொன்ன வேலையும் பார்க்கிற வேலையும் ஒன்றுதானா என்று நான் கேட்க மாட்டேன். நீங்களும் என்னைக் கேட்காதீர்கள்.

போன ஜூலை விடுமுறைக்கு எங்கள் ஊர் சாமளாபுரத்துக்கு வந்தபோது கோகிலாவைப் பார்க்க என் பழைய பள்ளிக்குப் போனேன். நானும் அவளும் ஒரே நாளில் அங்கே வேலைக்குச் சேர்ந்தவர்கள். நான்கு வருடம் முன்பு நான் ஸ்வீடன் போன பிறகு பத்தாம் வகுப்புக் கணக்கு அவள் கைக்குப் போனது. பள்ளியின் தாளாளர் பனியன் கம்பெனி முதலாளி. நல்ல மனிதர்தான், ஆனால் உலகத்தில் அவருக்குப் புரிந்தது கம்பெனி ஒன்றுதான். எங்கள் காலத்திலேயே பெயிலான பிள்ளைகளை, பிரித்துத் திரும்பத் தைக்க வேண்டிய துணிபோல "ரீவொர்க்" என்பார். இப்போது அவர் கையில் தொழில்நுட்பமும் சேர்ந்துவிட்டது. வகுப்புக்கு ஒரு பெரிய தொடுதிரை வெளிநாட்டிலிருந்து வந்திருக்கிறது. அதில் கோட்டுப் போட்ட ஒரு பெண் தோன்றிப் பாடம் நடத்துகிறாள். செயற்கை நுண்ணறிவு மிஸ்ஸாம். அவளுக்கு வியர்ப்பதில்லை, தொண்டை கட்டுவதில்லை, தீபாவளிக்குப் போனஸ் கேட்பதில்லை.

பிள்ளைகளும் சளைத்தவர்கள் இல்லை. "என் அம்மா" என்று கட்டுரை எழுதச் சொன்னால் அத்தனை பேரும் கைப்பேசியிடம் கேட்டு எழுதி வருகிறார்கள். அத்தனை அம்மாக்களும் ஞாயிற்றுக்கிழமை கேக் சுடுகிறார்கள், தோட்டத்தில் ரோஜா வளர்க்கிறார்கள். அந்த அம்மாக்களில் பாதிப்பேர் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தையல் மெஷினில் இருக்கிறார்கள், மீதிப்பேர் செக்கிங்கில். கட்டுரையைத் திருத்துவதும் ஒரு செயலிதான். எழுதியதும் மெஷின், திருத்தியதும் மெஷின் என்பதால் எல்லோருக்கும் முழு மதிப்பெண்.

ஆசிரியர்களையும் ஒரு செயலி திருத்துகிறது. திரை எத்தனை நிமிடம் ஓடியது, அதை ஆசிரியர் எத்தனை முறை தொட்டார் என்று பார்த்து, வாரக் கடைசியில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பெயருக்குப் பக்கத்தில் ஒட்டிவிடும். கம்பெனியில் பழுதான துணியில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவார்களே, அதே கணக்குத்தான். மூன்று சிவப்பு விழுந்தால் ரிஜெக்ட். தாளாளர் யாரையும் வீட்டுக்கு அனுப்ப மாட்டார். வகுப்பைப் பிடுங்கிக்கொண்டு அட்மிஷன் மேசையில் உட்கார வைத்துவிடுவார். கோகிலாவுக்கு இரண்டு விழுந்திருந்தது.

"புள்ளைங்களுக்குப் புரிஞ்சுதான்னு அதுக்குத் தெரியாது புள்ள. நான் தொட்டனா இல்லையான்னுதான் தெரியும்," என்றாள். "ஒருக்கா தூசி தொடைக்கத் தொட்டேன். அந்த வாரம் மட்டும் பச்சை."

அவள் சிரித்தாள், எனக்குச் சிரிப்பு வரவில்லை. பத்தாம் வகுப்பு இல்லாத கோகிலாவை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

அந்த நேரம் பார்த்துத் தாளாளர் வந்தார். நான் ஸ்வீடனில் ஸ்கூலில் வேலை பார்ப்பதாகக் கோகிலா சொன்னதும் அவர் நின்ற நிலையே மாறிவிட்டது. திருப்பூர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: எங்கள் ஊரில் பையர் என்றால் வெளிநாட்டிலிருந்து ஆர்டர் கொடுப்பவர். அவர் பாஸ் என்றால் சரக்கு கப்பல் ஏறும், இல்லையென்றால் குடோனில் கிடக்கும். அவர் வரும் நாளில் கக்கூஸ் முதல் காம்பவுண்டு வரை பளபளக்கும். என்ன கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று ஆட்களுக்கு ஒரு வாரம் முன்பே பாடம் நடக்கும். ஸ்வீடனிலிருந்து வருகிற யாரையும் தாளாளருக்கு வேறு மாதிரி பார்க்கத் தெரியாது.

"ஏனுங்க டீச்சர், வர்ற வெள்ளிக்கெழம ஒருக்கா வந்து பத்தாங்கிளாஸ இன்ஸ்பெக்சன் பண்ணிக் குடுக்கோணுங்க. கோகிலா டீச்சர் மேட்டரும் அதோட முடிஞ்சுருமுங்க. நீங்க பாஸுன்னா பாஸு, பெயிலுன்னா பெயிலு."

"நான் அங்க ஸ்கூல்ல வந்துங்க..." என்று இழுத்தேன்.

"தெரியுமுங்க. அதனாலதானுங்க கேக்கறேன்."

கோகிலா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிடிக்குப் பிறகு எப்படி வாயைத் திறப்பது?

வெள்ளிக்கிழமை போனால் வாசலில் வாழைமரம் கட்டாத குறை. முதலுதவிப் பெட்டியில் புதுப் பஞ்சு, மாடிப்படியில் அம்புக்குறி, தீயணைப்பு வாளியில் புது மணல். பத்தாம் வகுப்பில் பிள்ளைகள் மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தார்கள். கோகிலா பொத்தானை அழுத்தினாள், கோட்டுப் பெண் வந்து வட்டத்தின் தொடுகோடுகளைப் பற்றி அழகான ஆங்கிலத்தில் பேசினாள். கோடுகள் தாமாக ஓடின, வட்டம் நிறம் மாறியது. முடிந்ததும் எல்லோரும் ஒரே குரலில் "புரிஞ்சுதுங்க மிஸ்" என்றார்கள். அந்தக் குரல் எனக்குத் தெரியும். கம்பெனியில் பையரிடம் "ஓவர்டைம் இல்லீங்க" என்று ஒப்பிக்கும் குரல்.

நான் அதோடு எழுந்து வந்திருக்கலாம். எட்டு வருடப் பழக்கம் விடவில்லை. முதல் வரிசைப் பெண்ணிடம், வெளிப்புள்ளியிலிருந்து வரையும் இரண்டு தொடுகோடுகளும் ஏன் சமம் என்று கேட்டேன். பெயர் பிங்கி. அப்பா ஒடிசாவிலிருந்து வந்து கம்பெனியில் துணி வெட்டும் கட்டிங்கில் இருக்கிறார். அவள் பேசுவதோ சுத்தமான கொங்குத் தமிழ்.

"அது இதுல வராதுங்க மிஸ். அங்க இருக்குதுங்க," என்று திரையின் ஓரத்தைக் காட்டினாள்.

அப்போதுதான் பார்த்தேன். திரையைக் கரும்பலகையின் மேலேயே மாட்டியிருந்தார்கள். இடது ஓரத்தில் ஒரு சாண் அகலத்துக்குக் கரும்பலகை மிச்சம். திரை வந்ததிலிருந்து பாடம் முழுவதையும் கோகிலா அந்த ஒரு சாணில் நடத்தியிருக்கிறாள். பிங்கி எழுந்து போய் அங்கே வடை அளவில் ஒரு வட்டம் போட்டாள்.

"நடுவால இருந்து கோடு போட்டா ரெண்டு முக்கோணமுங்க. ரெண்டு ஆரமும் ஒண்ணு, இந்தக் கோடு ரெண்டுக்கும் பொது, ரெண்டு பக்கமும் செங்கோணம். கட்டிங்ல பனியனோட ரெண்டு கைத்துணிய ஒண்ணு மேல ஒண்ணு திருப்பி வெச்சா பொருந்துமில்லீங்க, அப்படிப் பொருந்துமுங்க. கோகிலா மிஸ் சொன்னாங்க."

தாளாளர் முகம் விழுந்துவிட்டது. சொல்லிக் கொடுக்காததை ஒரு ஆள் பையரிடம் உளறிவிட்டால் முதலாளிக்கு வரும் முகம் அது.

தன் அறைக்குக் கூட்டிப்போய் இன்ஸ்பெக்சன் படிவத்தை நீட்டினார். கம்பெனிப் படிவமேதான். ஸ்டைல் என்ற இடத்தில் பத்தாம் வகுப்பு, கலர் என்ற இடத்தில் சீருடையின் நிறம். "பெயிலுங்களா?" என்றார். கோகிலா கதவோரம் நின்றிருந்தாள்.

"எங்க ஸ்கூல்ல திரையெல்லாம் கொறச்சுட்டு மறுபடியும் புஸ்தகத்துக்கு வந்துட்டாங்க," என்றேன். இது சத்தியம்.

"அப்ப எனக்கு வித்தாங்களே, அது?" முகம் சிவந்தது. "ஸ்டாக் லாட்டுங்களா? நாம அவங்களுக்கு பஸ்ட் குவாலிட்டியா அனுப்பறோம், வேண்டாம்னு ஒதுக்குனத நமக்குத் தள்ளி உடறாங்களா?"

ஏற்றுமதிக்காரரின் மானம் அடிபட்டதை அன்றுதான் பார்த்தேன். பாஸ் என்று எழுதினேன். கரும்பலகை முழுதாகத் தெரியும்படி திரையைத் தள்ளி மாட்ட வேண்டும், கோகிலா இந்த வகுப்பிலேயே இருக்க வேண்டும் என்று எழுதினேன். கடைசியில் பதவி என்று ஒரு கட்டம். உண்மையை எழுதினால் படிவம் செல்லாது, கோகிலா அட்மிஷன் மேசைக்குப் போவாள். ஆசிரியை என்று எழுத விரல் வரவில்லை. பார்ன்ஷோத்தாரே என்பதை ஸ்வீடிஷ் எழுத்தில், நடுவில் ஒரு எழுத்தின் தலையில் வைக்க வேண்டிய இரண்டு புள்ளியையும் வைத்து, தெளிவாக எழுதினேன். தாளாளர் அதை எழுத்துக்கூட்டிப் பார்த்தார். "பெரிய போஸ்ட்டுங்க போல," என்று முத்திரை குத்தினார்.

வெளியே வந்ததும் கோகிலா அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டாள். பிள்ளைகளுக்கு ஜிப் போட்டுவிடுகிறவள் என்று சொன்னேன். பக்கத்து விசைத்தறிக் கூடத்தின் சத்தத்தில் கேட்கவில்லையோ என்று இன்னொரு முறையும் சொன்னேன். அவமானமாக இருந்தது. அவள் நின்றுவிட்டாள்.

"நாலு வருசம். எங்கிட்டயுமா சொல்லல?"

நான் கேட்டை நோக்கி நடந்தேன். அங்கே வந்ததும் என் கையை மறுபடியும் பிடித்தாள்.

"மூணாவது செவப்பு விழுந்திருந்தா நானும் உங்கிட்டச் சொல்லியிருக்க மாட்டேன் புள்ள," என்றாள்.

இப்போது இங்கே பனி விழத் தொடங்கிவிட்டது. நேற்று கோகிலா ஒரு படம் அனுப்பியிருந்தாள். அந்தப் படிவத்தைத் தாளாளர் கண்ணாடிச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டியிருக்கிறார், ஏற்றுமதி விருதுகளுக்கு நடுவில், மேலே ஒரு சின்ன விளக்கோடு. பிள்ளைகளைச் சேர்க்க வரும் பெற்றோர் அதன் முன்னால் நின்று பார்த்துவிட்டுத்தான் பணம் கட்டப் போகிறார்களாம். கோகிலா தினமும் அதைத் தாண்டித்தான் பத்தாம் வகுப்புக்குப் போகிறாள். அந்தப் பள்ளிக்கூடத்தில் அதைப் படிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.