ஆணி அடிக்காத குடித்தனக்காரர்

சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்பதுதான் எல்லா வீட்டுக்காரர்களும் போடும் முதல் சட்டம். எங்கள் அயனம்பாக்கம் வீட்டுக்காரம்மா வேம்புலியம்மாள் தாராளமாக அடித்துக்கொள்ளச் சொன்னவர். இருந்தும் பக்கத்து போர்ஷன் செங்கல்வராயன் ஓர் ஆணிகூட அடிக்கவில்லை.

எண்பத்தாறில் வந்தவர். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் வேலை, தனிக்கட்டை. இரண்டு வருடமாகியும் சட்டைகள் டிரங்குப் பெட்டியிலேயே இருந்தன. மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை லீவு போட்டு, சவரம் செய்துகொண்டு எங்கோ பஸ் ஏறுவார். கேட்டால் "ஒரு வேலையா" என்பார். எனக்கு மண்டை குடைந்தது.

ஒருநாள் அவர் சாவி எடுக்கும்போது பையிலிருந்து ஒரு சீட்டு விழுந்தது. அவர் கவனிக்காமல் உள்ளே போனதும் எடுத்துப் படித்தேன். கீழ்ப்பாக்கம் மனநல ஆஸ்பத்திரி ஓ.பி. சீட்டு. என் வாய் சும்மா இருக்குமா? அரை மணி நேரத்தில் வேம்புலியம்மாளிடம் ஒப்பித்துவிட்டேன்.

சாயங்காலம் வேம்புலியம்மாள் அவரைக் கூப்பிட்டார். வாசல் பெருக்குகிற சாக்கில் நானும் நின்றேன். எங்கள் முகத்தைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது.

"எப்ப காலி பண்ணணும்மா?"

ஆறு வீடு மாறியவராம். விஷயம் தெரிந்ததும் எல்லா இடத்திலும் மகனுக்குக் கல்யாணம் என்றோ ரிப்பேர் வேலை என்றோ சொல்லி அனுப்பினார்களாம். அலைச்சலில் தூக்கம் போய், மாத்திரை தவறி, வியாதி திரும்பவும் வருமாம். ஓர் இடத்தில் இருந்தால் ஒன்றும் செய்யாதாம்.

"முன்னாடியே ஏன் சொல்லல?" என்றார் வேம்புலியம்மாள்.

"சொல்லிருந்தா ஊடு குட்த்திருப்பீங்களா?"

அந்தம்மா கொஞ்சம் யோசித்தார். "குட்த்திருக்க மாட்டேன். இப்பதான் குட்த்துட்டேனே. ரெண்டு வருசமா கீறே, இன்னா கெட்டுப்போச்சு? மாத்திரய மட்டும் உடாம துன்னு."

அப்போதும் என்னால் அடக்க முடியவில்லை. ஆணி ஏன் அடிக்கவில்லை என்று செங்கல்வராயனிடம் கேட்டேவிட்டேன்.

"காலி பண்ணசொல்ல புடுங்கணும். சுவரு பேந்துக்கும். அத்தப் பாத்துட்டுப் போறது கஷ்டமா கீதும்மா."

வேம்புலியம்மாள் உள்ளே போய்ச் சுத்தியும் ஓர் ஆணியும் கொண்டுவந்து என் கையில் வைத்தார்.

"கோள் சொன்னவ நீதானே. நீயே அடி."

வெட்கம் பிடுங்கித் தின்றது. முதல் அடி என் கட்டைவிரலில் விழுந்தது. ஒருவழியாக அவர் அறைச் சுவரில் ஆணி இறங்கியதும், அவர் அதில் அந்த வருடக் காலண்டரை மாட்டினார்.

தொண்ணூற்றேழில் நாங்கள்தான் ஆவடிக்குக் குடிபோனோம். விடைபெற அவர் அறைக்குள் போனேன். எந்த வருடக் காலண்டரையும் அவர் கழற்றவில்லை. நான் அடித்த ஆணியில் பத்தும் தொங்கின.