ஆற்றில் புகைந்த பானகம்

அழகர் ஆற்றில் இறங்குகிற அன்றைக்குத்தானா எங்கள் சாயப்பட்டறையில் ஹைட்ரோஸ் தீர வேண்டும்! நூலில் சாயம் பிடிக்க வைக்கும் வெள்ளைப் பொடி அது. கல்யாணச் சேலைகளுக்கான நூல் தொட்டியில் ஊறிக்கிடந்தது. பொடி வராவிட்டால் அத்தனையும் பாழ். பட்டறையைப் பார்த்துக்கொண்ட என் தாய்மாமா கைவண்டியில் என்னையும் ஏற்றிக்கொண்டு, வைகைக்கு அக்கரையில் செல்லூருக்குக் கிளம்பிவிட்டார். எனக்கு ஏழு வயது. புதுப் பட்டுப்பாவாடை வேறு. சந்தோஷத்துக்குக் கேட்க வேண்டுமா!

திரும்பும்போதுதான் சிக்கல். தீப்பற்றும் சரக்கு எதுவும் திருவிழாக் கூட்டத்துக்குள் போகக்கூடாது என்று போலீஸ் கயிறு கட்டி நின்றது. எங்கள் டிரம்முக்கோ மூடிகூடக் கிடையாது. வாயைத் துணியால் கட்டியிருந்தார்கள். பக்கவாட்டில் தீ எரிவதுபோல ஒரு சிவப்புப் படம். மாமா கொஞ்ச நேரம் யோசித்தார். பூமாலை ஒன்றை வாங்கி டிரம்முக்குப் போட்டார். வேப்பிலை செருகினார். அந்தப் படத்துக்கு முன்னால் என்னை உட்காரவைத்து, பாவாடையை நன்றாக விரித்துக்கொள்ளச் சொன்னார். அப்போதுதான் பார்க்க அழகாக இருக்குமாம். நானும் சாமியோடு ஊர்வலம் போகிறவள்போல நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"டிரம்முல என்னய்யா?" என்றார் போலீஸ்காரர்.

"பானகம்ங்கய்யா. வார சனத்துக்குக் குடுக்க" என்றார் மாமா, கண்ணைக்கூட இமைக்காமல்.

கயிறு உயர்ந்தது. ஆற்று மணலில் பாதித் தூரம் போயிருப்போம். மாலை போட்ட டிரம்மைப் பக்தர்கள் சும்மா விடுவார்களா? சாமிமேல் தண்ணீர் பீச்சும் நேர்த்திக்கடனுக்காக அழகர் வேடம் கட்டிய ஒருவர் தோல்பையிலிருந்து சர்ரென்று தண்ணீரைப் பீச்சினார். நேராக டிரம்மின் வாயில்! ஈரம் பட்டால் அந்தப் பொடி தானே சூடேறித் தீப்பிடிக்கும் என்று அவர் கண்டாரா? குபுகுபுவென்று புகை கிளம்பியது. கந்தக நாற்றம் மூக்கைத் துளைத்தது.

"ஐயோ, தீ! தண்ணி ஊத்துங்கப்பா!" என்று கூட்டம் ஓடிவந்தது. என்னை இழுத்து மணலில் தள்ளிய மாமா, பதற்றத்தில் எங்கள் வீட்டுப் பாஷையான சௌராஷ்டிரத்தில் கத்தினார். ஒருவருக்கும் புரியவில்லை. செம்பு செம்பாக ஊற்றினார்கள். புகை இன்னும் எழும்பியது. மாமா சொன்னதை நான்தான் தொண்டை கிழியத் தமிழில் கத்தினேன்: "தண்ணி ஊத்தாதீங்க! ஊத்தாதீங்க!" தீயைக் கண்டு இப்படிக் கத்தும் பிள்ளையை அவர்கள் அன்றுதான் பார்த்திருப்பார்கள். அவர்கள் திகைத்து நின்றபோது மாமா டிரம்மை வண்டியிலிருந்து உதைத்துத் தள்ளிவிட்டு, "ஓடுங்க, ஓடுங்க!" என்று எல்லோரையும் விரட்டினார்.

போலீஸ்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார். "என்னய்யா, ஒம் பானகம் எரியுது?"

மாமாவை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார்கள். நூலும் பாழ். எனக்கோ, அம்மாடி, அப்படி ஒரு திருவிழா அதற்குமுன் வாய்த்ததே இல்லை! வீட்டுக்கு வந்து குதித்துக் குதித்து அம்மாவிடம் சொன்னேன். நான் எங்கே உட்கார்ந்திருந்தேன் என்று கேட்டாள். அதே மாதிரி பாவாடையை விரித்து உட்கார்ந்து காட்டினேன். பின்பக்கம் கருகி, உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை விழுந்திருந்தது. அம்மா அதற்குள் விரலை விட்டுப் பார்த்தாள். பிறகு என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள்.

ஒரு பாவாடைக்கா இம்புட்டு அழுகை என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. தீபாவளிக்கு வேறு வாங்கிக்கொள்ளலாம் என்று நான்தான் அவளைத் தேற்றினேன்.