மூன்று தகவல், ஒரே கப்பல்

செவ்வாய்க்கிழமை காலை போர்ட் பிளேரில் கராச்சர்மா போகும் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது, ஆஸ்பத்திரி நர்ஸ் செல்வியிடமிருந்து போன் வந்தது. "சங்கரலிங்கம் ஐயா போயிட்டாங்க சார். கடைசி வரைக்கும் நான் பக்கத்துலதான் இருந்தேன்" என்றாள். சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். வெட்கமில்லாமல் அழுதேன்.

உங்களில் பலருக்கு அவர் ஏதோ ஒரு சென்ட்ரல் கவர்மென்ட் ஆபீசர். எழுபதுகளில் உளவுத்துறையின் தீவுப் பிரிவுக்கு அவர்தான் பொறுப்பு, நான் டைப்பிஸ்ட். இத்தனை காலம் கழித்து இதைச் சொல்வதால் யாருக்கும் கேடில்லை. போர்ட் பிளேரில் பெயர்ப்பலகை இல்லாத இரண்டு அறைகள்தான் அலுவலகம். தீவுக்கு ஒருவர் இருந்து, காதில் விழுவதை எழுதி அனுப்புவார். நாங்கள் சரிபார்த்துத் தொகுப்போம். கல்கத்தாவில் எடை போட்டு டெல்லிக்கு அனுப்புவார்கள். டெல்லி அரசாங்கத்திடம் சொல்லும். "கைது பண்ண நமக்கு அதிகாரம் கிடையாது வே. சொல்லத்தான் முடியும். அப்போ சொல்றது சரியா இருக்கணும்லா?" என்பார். நான் எழுதிய எதையும் அவர் ஒரே தடவையில் ஒப்புக்கொண்டதில்லை. மனதுக்குள் நன்றாகத் திட்டியிருக்கிறேன்.

ஒரு மாதம், கட்சால் ரப்பர் தோட்டத்துப் பெரியசாமி வெளிநாட்டுக் கப்பலுக்குச் சிவப்புத் துணி ஆட்டிச் சைகை காட்டுகிறார் என்று தகவல் வந்தது. முதலில் கட்சாலிலிருந்து, பிறகு கார் நிக்கோபாரிலிருந்து, கடைசியில் போர்ட் பிளேரிலிருந்தே. 'மூன்று தனித்தனி வட்டாரங்கள் உறுதிப்படுத்துகின்றன' என்று பெருமையோடு டைப் அடித்தேன். அந்த வரி மேலே போனால் பெரியசாமி குடும்பத்தோடு தீவைவிட்டு வெளியேற வேண்டும். இலங்கைத் தோட்டத்தை விட்டு வந்து, அப்போதுதான் கூரை போட்டு உட்கார்ந்தவர் அவர்.

சார் மூன்று தாள்களையும் மேஜையில் பரப்பினார். தேதிகளைப் பார்த்தார். பிறகு சுவரில் தொங்கிய, தீவுகளுக்கிடையே ஓடும் நம் கப்பலின் அட்டவணையைப் பார்த்தார். "ஓய், இந்தத் தகவல் நம்ம ஜஹாஜ்ல டிக்கெட் எடுத்துல்லா வந்திருக்கு" என்றார். தகவல் கிளம்பிய மூன்று நாட்களும் கப்பல் அந்தந்தத் துறையில் நின்ற நாட்கள். அப்படியென்றால் மூன்று வட்டாரமும் ஒரே வாய்தான்.

நேரே ஜெட்டிக்குப் போய்க் கப்பல் சமையற்காரரைப் பிடித்தார். அவர் சிரித்தார். "வெளிநாட்டுக் கப்பலா? யாரு சொன்னா? நம்ம ஜஹாஜப் பாத்துத்தான் சார் ஆட்டுறாரு. போற துறையிலெல்லாம் தமாஷா சொல்லிட்டு வந்தேன்." அவர் சொன்ன தமாஷ் வாய்க்கு வாய் வளர்ந்து சைகையாகிவிட்டது.

முதல் தகவல் வந்ததை மட்டும் முன்பே தெரிவித்திருந்தோம்; கல்கத்தாவிலிருந்து அவசரப்படுத்தித் தந்தி மேல் தந்தி. "கண்ணால பாக்காம ஒரு வரி போகாது" என்று பதில் அனுப்பிவிட்டு, அடுத்த பயணத்தில் என்னையும் இழுத்துக்கொண்டு கட்சாலுக்குக் கப்பலேறினார். தகவல் உண்மையாக இருந்திருந்தால், இந்தத் தாமதத்துக்கு அவருடைய வேலையே போயிருக்கும்.

கரை தெரிந்ததும் சிவப்பாக ஒன்று ஆடியது. எங்களுக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்ற எட்டு வயதுப் பெண் ஒற்றைக் காலில் குதித்தாள். மற்ற காலில் கட்டு. போர்ட் பிளேரில் இரண்டு மாதம் வைத்தியம் பார்த்துவிட்டு அம்மாவோடு திரும்புகிறாள். "அதா எங்கப்பா. அம்மாவோட சீலை. எந்தக் கப்பல்ல நான் வருவேன்னு தெரியாதுல்ல, எல்லாக் கப்பலுக்கும் ஆட்டுறேன்னு சொல்லியிருந்தாரு" என்றாள். சார் என்னைப் பார்த்தார். "சதிகாரி சிக்கிட்டா, எழுதிக்கிடும்" என்றார். கண் கலங்கியிருந்தது.

'வட்டாரம் ஒன்றே. தகவல் தவறு. பிழை இந்த அலுவலகத்துடையது.' நான் டைப் அடித்தது மூன்றே வரிகள். இந்த முறை ஒரே தடவையில் கையெழுத்துப் போட்டார். கோப்பை மூடச் சொல்லி டெல்லியிலிருந்து உத்தரவு வந்த அன்று, இரண்டு அறைக்கும் அவர் செலவில் ஜிலேபி. பெரியசாமிக்கு எதுவுமே தெரியாது. அவர் கட்சாலிலேயே வாழ்ந்து முடித்தார்.

'எல்லாரும் சொல்றாங்க' என்று யாராவது ஆரம்பித்தால், 'எந்தக் கப்பல்ல வந்துச்சு?' என்று கேட்கும் பழக்கம் என்னிடம் மிச்சமிருக்கிறது. அது சார் கொடுத்தது. இன்னொன்றும் இருக்கிறது. அந்த எட்டு வயதுப் பெண் படித்து, நர்ஸாகி, இந்தத் தீவிலேயே வேலை பார்த்து, அவருடைய கடைசி மூச்சுவரை கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். செல்விக்கும் எதுவும் தெரியாது. சார் சொல்லவில்லை. நாளை நான் போய்ச் சொல்லப்போகிறேன்.