பூட்டிய அலுமாரியும் திறந்த வாயும்

போன மாதம் எங்கள் கரைக்கு ஒரு வெள்ளை வாகனம் வந்தது.

வந்தால் என்ன? எத்தனையோ வாகனம் வருகிறது. மீன் ஏற்ற வருகிறது, ஐஸ் கொண்டு வருகிறது, வாக்குக் கேட்டும் வருகிறது. ஆனால் இந்த வாகனத்தின் கதவில் மூன்று மொழியிலும் எழுத்து. எழுத்துக்குக் கீழே ஒரு படம் — அழுகிற பெண்ணின் தோளில் ஒரு கை. வாசிக்கத் தெரியாதவனுக்கும் விளங்கிவிடும், இது அடிபடுகிற பெண்களுக்கு உதவுகிற கந்தோர் என்று.

வாகனம் நேரே மீன் ஏலம் கூறுகிற இடத்தில் போய் நின்றது. காலை நேரம். படகுகள் கரைக்கு வந்துவிட்டன, பாதி ஊர் அங்கேதான். ஓர் இளம் பெண்பிள்ளை இறங்கினாள். நல்ல முகம். தோளில் பை. பணிவாகத்தான் கேட்டாள்.

“றெஜினா எண்டு ஒராள்… வீடு எது எண்டு சொல்லுவியளோ?”

எங்கள் கரையில் றெஜினா மூன்று பேர். இங்கே ஞானஸ்நானத்துக்கு வைக்கிற பெயர்கள் கொஞ்சம்தான். அதையே சுற்றிச் சுற்றி வைத்துக்கொண்டிருக்கிறோம். ஆகவே பேரோடு ஓர் அடையாளமும் வேண்டும். இறால் வாங்குகிற வின்சன் கேட்டான்.

“எந்த றெஜினா தங்கச்சி? தையல் றெஜினாவோ, கட்டை றெஜினாவோ, இல்லாட்டி வாடிக்குப் போன யோசேப்பின்ர பெண்சாதியோ?”

பிள்ளை யோசித்தாள். ஆளை மாறிப் போய்விடக் கூடாதே என்ற நல்ல எண்ணத்தில் சொன்னாள் பாருங்கள் —

“கணவர் அடிக்கிறார் எண்டு எங்கட கந்தோருக்கு வந்தவ.”

முடிந்தது!

“ஓ… அப்ப அது யோசேப்பின்ர பெண்சாதிதான்” என்றான் வின்சன். வழி கேட்டு வந்தவரைக் கையைக் காட்டி அனுப்புகிற பழக்கம் எங்களிடம் இல்லை. வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டால்தான் மனம் ஆறும். முன்னால் சைக்கிளில் வின்சன், நடுவில் வெள்ளை வாகனம், பின்னால் மீன் கூடையோடு பெண்கள், அவர்களுக்குப் பின்னால் பிள்ளைகள்… திருநாள் சுற்றுப்பிரகாரம் போனது போல. தோளில் தூக்கிப் போகிற சுரூபம் ஒன்றுதான் இல்லை. றெஜினாவை அவள் வாசலில் வைத்தே அந்தப் பிள்ளை போனில் ஒரு போட்டோவும் எடுத்தாள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். றெஜினா என்பது அவளுடைய பெயர் இல்லை. மற்றப் பெயர்களும் அப்படித்தான். நேற்று அவளே போன் எடுத்தபோது கேட்டு, அவள் ‘ஓம்’ என்ற பிறகுதான் எழுதுகிறேன். புதுப் பெயரையும் அவளே தெரிவு செய்தாள். “சின்னனில எனக்கு இந்தப் பேர் வைக்கேல்லை எண்டு அழுதனான்” என்றாள். எங்கள் கரைக்கு இது தெரிந்த கதை. தெரியாதவர்களுக்கு ஆள் தெரிய வேண்டாம்.

அன்றைக்கு மத்தியானம் வேலிப் பொட்டுக்குள்ளால் றெஜினா வந்தாள். என் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவில் ஓலை வேலி ஒன்றுதான். இரவில் அந்தப் பக்கம் நடப்பது என் காதில் விழாமல் இருந்ததில்லை.

“மாமி, மச்சாள் அவருக்கு போன் எடுத்துப்போட்டா.”

மச்சாள் என்றால் யோசேப்பின் தமக்கை. நாலு வீடு தள்ளி. யோசேப்பு அந்த நேரம் கிழக்குப் பக்கத்தில் வாடி போட்டு, கடற்கரைக் கொட்டிலில் தங்கித் தொழில் செய்துகொண்டிருந்தான். பருவம் முடிந்தால்தான் வருவான். அவன் வருவதற்குள் பிள்ளைகளோடு போய்விட வேண்டும் என்பதுதான் இவளுடைய திட்டம். மகனின் கண்ணை டொக்டரிடம் காட்டப் போகிறேன் என்று ஊரை ஏமாற்றி, மன்னார் கந்தோருக்கு ஒரு தடவை போயிருக்கிறாள். என்னிடம்கூடச் சொல்லவில்லை. அவ்வளவு கவனம்!

“என்னவாம் சொன்னவன்?”

“நாளைக்கு மற்றநாள் வாறாராம். வந்து… வந்து காட்டுறன் எண்டு சொன்னவராம்.”

அவளுக்குப் பயம், எனக்குக் கோபம்.

அடுத்த நாள் முதல் பஸ்ஸில் ஏறினேன்.

கந்தோர் சின்னது. ஒரே அறை. வரிசையாகப் பிளாஸ்டிக் கதிரைகள், நாலைந்து பெண்கள், தலைக்கு மேலே கடகடவென்று ஒரு காற்றாடி. சுவரில் பெரிய எழுத்தில் ஏதோ ஒட்டியிருந்தது. மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன், இந்தப் பத்தியில் என் பிழைகளைத் திருத்துகிற தம்பிக்கு அது நன்றாகத் தெரியும். ஆறுதலாகக் கூட்டிக் கூட்டி வாசித்தேன். ‘இரகசியத்தன்மை பேணப்படும்.’

வாசித்து முடிக்கவும், கரைக்கு வந்த அதே பிள்ளை — தர்சினி என்று வைத்துக்கொள்ளுங்கள் — மேசைக்குப் பின்னாலிருந்து கூப்பிடவும் சரியாக இருந்தது. காற்றாடிச் சத்தத்தை வெல்ல வேண்டுமே. பெரிய குரல்.

“அம்மா, உங்களுக்கு என்ன பிரச்சினை? கணவரோ, பிள்ளையளோ?”

பக்கத்துக் கதிரைக்காரி கழுத்தை என் பக்கம் நீட்டினாள்.

“எனக்குப் பிரச்சினை நீங்கள்தான் பிள்ளை” என்றேன். “வெளியில வாங்கோ. அந்த வேம்புக்குக் கீழ சொல்லுறன்.”

சொன்னேன். மெதுவாக, ஒன்றும் விடாமல். தர்சினியின் முகம் வெளிறிப்போனது.

“விலாசத்தில வீட்டு நம்பர் இல்லையே அம்மா… கேட்டுத்தானே வரவேணும்?”

“கேளுங்கோ. வேண்டாம் எண்டேல்லை. என்னத்துக்கு வந்தனீங்கள் எண்டதையும் சேத்துச் சொல்லோணுமோ?”

பாவம், அழுதுவிட்டாள். அழுகிறவளைப் பிடித்துத் தின்ன நான் போகவில்லை. “உங்கட பெரியவவிட்ட என்னைக் கூட்டிக்கொண்டு போங்கோ” என்றேன்.

பொறுப்பாளர் அம்மா நானாட்டான் பக்கம். வயல்காரர் வீட்டுப் பிள்ளை. மரியாதையான மனுஷி. தேத்தண்ணி தந்தா. கேட்டுவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தா.

“நாங்கள் எல்லாருடைய தகவலையும் பத்திரமாத்தான் வைச்சிருக்கிறம் அம்மா. அந்த அலுமாரியைப் பாருங்கோ, பூட்டு. திறப்பு என்னட்ட மட்டும்தான். கம்பியூட்டருக்குப் பாஸ்வேர்ட் இருக்கு.”

“நல்லது. அலுமாரியைப் பூட்டிப்போட்டு வாயைத் திறந்து வைச்சிருக்கிறியள்.”

அவவுக்குச் சுருக்கென்றுதான் இருந்திருக்கும். நான் நிறுத்தவில்லை. வாசலில் நின்ற வெள்ளை வாகனத்தைக் காட்டினேன். “உது வாயில்லாமலே கதைக்குது.” வாகனம் தங்களுடையது அல்ல, உதவி தருகிறவர்கள் கொடுத்தது, பெயரும் படமும் போட்டே ஆகவேண்டும் என்றா. சரி. றெஜினா வீட்டு வாசலில் எடுத்த போட்டோ? அதுவும் அவர்களுக்கு அனுப்பத்தானாம்.

“முகம் விழாமல்தான் அம்மா எடுத்தனாங்கள்” என்றாள் தர்சினி.

“வேலி விழுந்திருக்குமே! எங்கட ஆக்களுக்கு முகம் எதுக்கு? வேலியைப் பாத்தே வீடு சொல்லுவினம்.”

தர்சினி என் கண்ணுக்கு முன்னாலேயே போனை எடுத்து அதை அழித்தாள். கெட்டிக்காரி, சொன்னால் பிடிக்கிறாள்.

பொறுப்பாளர் அம்மா சைவக்காரர். ஆகவே எங்கள் கோயிலில் இருக்கிற ஒரு மரக்கூட்டைப் பற்றி விளக்கிச் சொன்னேன். “பூசை வைக்கிற சுவாமி அதுக்குள்ள இருப்பார். நாங்கள் இந்தப் பக்கம் முழந்தாளில நிண்டு செய்த பாவத்தைச் சொல்லுவம். நடுவில சல்லடை மாதிரி ஒரு தட்டி. களவெடுத்தவனும் வருவான், அடிச்சவனும் வருவான். பாவசங்கீர்த்தனம் முடிஞ்சு வெளியில வந்தால், சுவாமி அதை ஸ்பீக்கரில சொல்லுவாரோ? வழியில கண்டால்கூடக் கேக்கமாட்டார். அதாலதான் ஆக்கள் போகினம். சொன்னால் ஆர் போவினம்?”

அவ கொப்பியும் பேனையும் எடுத்தா.

“சரி அம்மா. என்ன செய்யலாம் எண்டு நினைக்கிறியள்?”

கேட்டா அல்லவா? சொன்னேன். வாகனம் ஊருக்குள் வரவே வேண்டாம். பஸ்ஸில் வாருங்கள், எங்களைப் போல. கிளினிக் நாளில் தாய்மார் எல்லாரும் பிள்ளை நிறுக்க வருகிறார்கள். அங்கே ஒருத்தியோடு ஒதுங்கி நின்று கதைத்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. எல்லாவற்றுக்கும் முதலில் அவளையே கேளுங்கள் — எங்கே சந்திக்கலாம், எந்த நேரம் போன் எடுக்கலாம், வேறு யாராவது போனை எடுத்தால் யார் என்று சொல்லலாம். அவளுடைய கதைக்கு அவள்தானே சொந்தக்காரி?

“மேலிடத்தில கேக்கவேணும் அம்மா” என்றா.

“கேளுங்கோ. நான் இருக்கிறன்.”

இருந்தேன். மத்தியானமும் இருந்தேன். வெற்றிலைப் பை இருந்தால் எனக்கு வேறென்ன வேண்டும்? நேரம் போகப் போக யோசேப்பு பஸ் ஏறிவிடுவானே என்ற நினைப்பு மட்டும் நெஞ்சை அரித்தது. பொறுப்பாளர் அம்மா போனில் சிங்களத்திலும் தமிழிலும் மாறி மாறிக் கதைத்தா. கடைசியில் கதவைச் சாத்திவிட்டு என் பக்கத்தில் வந்து இருந்தா.

“அவவையும் பிள்ளையளையும் பத்திரமான இடத்துக்கு அனுப்ப நாளைக்கு விடியவே ஏற்பாடு. எங்க எண்டு கேக்காதேங்கோ, அவவுக்கு மட்டும் போனில சொல்லுவம்.”

“கேக்கமாட்டன்.”

அடுத்த நாள் காலை றெஜினா பிள்ளைகளுக்குக் கோயில் உடுப்புப் போட்டு, கையில் ஒரு மெழுகுதிரிக் கட்டோடு, மடுக் கோயிலுக்கு நேர்த்திக்குப் போகிறவள் மாதிரி எல்லாரும் ஏறுகிற பஸ்ஸிலேயே ஏறினாள். மச்சாள்கூட, “எனக்கும் சேத்து மன்றாடிக்கொள்” என்று கையசைத்தா. எங்கே இறங்கினாள், யார் காத்திருந்தார்கள்… எனக்குத் தெரியாது.

பின்னேரம் யோசேப்பு வந்தான். வெறும் வீடு. நேரே என் படலைக்கு வந்து நின்றான்.

“மாமி, உங்களுக்குத் தெரியும்.”

“தெரியாது.”

கண்ணைப் பார்த்துச் சொன்னேன். பொய் இல்லையே! தெரியாததை என்னிடமிருந்து யார் பிடுங்க முடியும்? கேட்காமல் இருந்ததன் அருமை அந்த நிமிஷம்தான் முழுதாக விளங்கியது.

மறுநாள் கந்தோருக்கும் போயிருக்கிறான். அதை அவனே கரையில் வந்து, கடுப்பில், எல்லாரும் கேட்கச் சொன்னான்.

“நான் அவளின்ர சொந்த அண்ணன் எண்டன். அதுக்கும் அந்தச் சின்னப் பெட்டை மசியேல்லை. அப்பிடி ஒராள் இஞ்ச வந்ததோ வரேல்லையோ எண்டுகூடச் சொல்ல ஏலாதாம்!”

வின்சன் இறால் பெட்டியிலிருந்து தலையைத் தூக்கினான். “நீ அவளுக்கு அண்ணனெண்டால், யோசேப்பு… உன்ர பிள்ளையளுக்கு நீ மாமனல்லோ?”

கரை சிரித்தது. யோசேப்பு சிரிக்கவில்லை. ரெண்டு நாள் சுற்றித் திரிந்துவிட்டுத் திரும்பவும் வாடிக்குப் போனான். வின்சனும் அதற்குப் பிறகு யாருக்கும் வழி காட்ட அவசரப்படுவதில்லை.

எனக்கு ஒன்று தோன்றுகிறது. ஒரு வீட்டுக்குள் நடப்பதற்குக் கந்தோரில் பெயர் தரவு. கரையில் அதே சங்கதிக்குப் பெயர் புதினம், வாய்க்கு வாய் போகிற செய்தி. தரவு எந்த இடத்தில் புதினமாக மாறுகிறது? பூட்டை உடைத்தா மாறுகிறது? இல்லையே… ஒரு நல்ல பிள்ளை, நல்ல எண்ணத்தோடு, ஒரு வசனம் கூடுதலாகச் சொல்வதில் மாறுகிறது. அந்த ஒரு வசனத்தை வாங்கிக்கொள்வது யாரோ ஒரு பெண்ணின் முதுகு.

போன கிழமை மன்னாருக்கு ஒரு அலுவலாகப் போனவள் கந்தோருக்கும் போனேன். சோதிக்கவா? இல்லை. உண்மையாகவே மனம் கேட்கவில்லை. றெஜினாவுக்கு விருப்பம் என்று சீலாக் கருவாடு கொஞ்சம் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன்.

அறை மாறியிருந்தது. மூலையில் பலகை அடித்து, கதவு வைத்து, சின்னதாக ஒரு மறைப்பு. உள்ளே இரண்டு கதிரை. சைவக்கார அம்மா எங்கள் பாவசங்கீர்த்தனக் கூட்டையே கட்டிவிட்டா! எனக்கு ஏற்பட்ட பெருமையை நான் மறைக்கப் போவதில்லை.

தர்சினி என்னை உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். நான் குனிந்து, குரலை இறக்கிக் கேட்டேன்.

“பிள்ளை, றெஜினா எப்பிடி இருக்கிறாள்?”

“ஆரைக் கேக்கிறியள் அம்மா?”

“அடி பிள்ளை, நான்தானேடி உனக்கு எல்லாம்…”

“அம்மா, அப்பிடி ஒராள் இஞ்ச வந்தவவோ எண்டு நான் ஒருத்தருக்கும் சொல்லேலாது.” முகத்தில் ஒரு சின்ன அசைவும் இல்லை. “உங்களுக்கும்தான்.”

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. யாரிடம் சொல்கிறாள்! கருவாட்டுப் பொட்டலத்தை மேசையில் வைத்தேன்.

“சரி. இதையாவது குடுத்துவிடு.”

“ஆருக்கெண்டு தெரியாமல் நான் எப்பிடி அம்மா வாங்கிறது?” பொட்டலத்தை மெதுவாக என் பக்கம் தள்ளிவிட்டாள்.

பஸ் பாலம் தாண்டுகிற வரைக்கும் முறைத்துக்கொண்டுதான் இருந்தேன். பாதி வழியில் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவள், “என்ன அம்மா புதினம்?” என்றாள். “ஒண்டுமில்லை” என்றேன்.

வீட்டுக்கு வந்து அந்தக் கருவாட்டை நானே பொரித்துச் சாப்பிட்டேன் — அப்படி ஒரு ருசி!