கரடிக்குக் கொடுத்த பூச்சி மருந்து

என் வீட்டுக்காரர் மாட்டு டாக்டர் என்று சொல்லித்தான் எனக்குக் கல்யாணம் பேசினார்கள். கரடியைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. அறுபதுகளின் தொடக்கம், மிருகவதைச் சட்டம் புதிதாக வந்திருந்த நேரம். திண்டுக்கல்லில் வித்தை காட்டிக்கொண்டிருந்த ஒருவனிடமிருந்து போலீஸ் கரடியைப் பிடித்தது. பிடித்த பிறகுதான் எங்கே வைப்பதென்று யோசித்தது. மாட்டாஸ்பத்திரிக்குப் பின்னால் எங்கள் வீட்டு வேப்பமரம் அகப்பட்டது. வழக்கு முடியும்வரை கரடி எங்கள் விருந்தாளி.

விருந்தாளி எலும்பும் தோலுமாக இருந்தது, வயிறு மட்டும் பானை. அது போட்ட கழிவில் புழு நெளிந்ததை, நான் சாப்பிட உட்காரும் நேரம் பார்த்து இவர் விவரிப்பார். இப்படியே விட்டால் செத்துப்போகும் என்றார். தேற்றிவிட்டால் மிருகக்காட்சி சாலைக்குத்தான் அனுப்புவேன், அந்த வித்தைக்காரன் கைக்குத் திரும்ப விடமாட்டேன் என்று சபதம் வேறு.

ஊர்ப் பெண்களுக்கு இந்தக் கவலை இல்லை. ராத்திரியில் பல்லைக் கடித்துத் திடுக்கிட்டு எழும் பிள்ளைகளை நாகல் நகரிலிருந்து தூக்கிக்கொண்டு, தாயத்தில் அடைக்கக் கரடி முடி கேட்டு வந்தார்கள். பிள்ளை வயிற்றிலும் பூச்சி, கரடி வயிற்றிலும் பூச்சி. வைத்தியம் மட்டும் முடியில். பிள்ளைக்குப் பூச்சி மருந்து கொடுங்கள் என்று இவர் சொன்னதற்கு, மாட்டு டாக்டருக்கு வந்த ஆசையைப் பார் என்று சிரித்துவிட்டு, கரடி அசந்த நேரத்தில் பிடுங்கிக்கொண்டு போனார்கள்.

கேப்பைக் களியில் மருந்தை வைத்தால், கரடி களியைத் தின்றுவிட்டு மருந்தைத் துப்பியது. கடைசியில் பழனிப் பஞ்சாமிர்தத்தில் குழைத்துக் கொடுத்தார். சட்டியையும் சேர்த்து நக்கியது. கட்டியிருந்த இடத்து மண்ணைச் சுரண்டி எரித்தார், சுண்ணாம்பு தூவினார், இடம் மாற்றிக் கட்டினார், சில வாரம் விட்டு மறுபடி மருந்து கொடுத்தார். எனக்குக் காய்ச்சல் கண்டபோது ஒரு மிளகு ரசம் வைக்கத் தெரியாத மனுஷர். ஆனாலும் கரடிக்குச் சதை பிடித்து முடி பளபளத்தபோது எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

வழக்கு வந்தது. புழு, பட்டினி, மூக்குக் கயிற்றுப் புண் எல்லாம் சொல்ல இவர் மனப்பாடம் செய்துகொண்டு போனார். வித்தைக்காரனின் வக்கீல் கேட்டது ஒன்றுதான்.

"கரடி இப்போ எப்படி இருக்கு டாக்டர்?"

"முதல்தரமா இருக்கு. ஒரு குறை சொல்ல முடியாது."

அந்தப் பெருமையில் மனப்பாடம் செய்தது அத்தனையும் மறந்துபோயிற்று. வக்கீல் உட்கார்ந்துவிட்டார். வெளியே கட்டியிருந்த கரடியை நீதிபதியும் எட்டிப் பார்த்தார். இவ்வளவு கொழுகொழுவென்று இருக்கும் பிராணியை யார் வதைத்திருக்க முடியும் என்று கேட்டு, சொந்தக்காரனிடமே ஒப்படைக்கச் சொன்னார்.

சாயங்காலம் வித்தைக்காரன் புதுக் கயிற்றோடு வீட்டுக்கு வந்தான். இவர் காலைத் தொட்டுக் கும்பிட்டான்.

"நல்லாத் தேத்திக் குடுத்துட்டீகய்யா. மறுபடி மெலிஞ்சுச்சுன்னா இங்கனயே கூட்டியாரேன்."

இவர் வாயே திறக்கவில்லை. நான் திறந்தேன். என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, அவன் கரடியை ஓட்டிக்கொண்டு போனான்.