துரை காருக்குள் போன என் தவலை

என் புருஷன் எஸ்டேட் துரைக்குக் கார் ஓட்டியவர். ஓட்டத்தான் தெரியும். கழுவவும் தெரியும். உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டால், "எஞ்சின் நடக்குது" என்பார்.

ஜப்பான்காரன் வருகிறான் என்றதும் துரை வேறொருவர் காரில் ஏறித் தப்பிவிட்டார். துரையின் சொந்தக் கார் அதற்கு முன்பே சூடேறி நின்றுபோய், பங்களா கொட்டகையில் கிடந்தது. பிறகு சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்தார்கள். எங்கள் லயத்து வீடுகளிலிருந்து போனவர்களில் ஒருவரைப் பற்றியும் தகவல் இல்லை. ஒருநாள் ஜப்பான் அதிகாரி மிச்சமிருந்த ஆம்பளைகளை வரிசையில் நிறுத்தி, யாருக்கு என்ன வேலை தெரியும் என்று மலாய் மொழியில் கேட்டான். இந்த மனுஷன் கொஞ்சமும் கூசாமல் "கார் ரிப்பேர்" என்று சொல்லிவிட்டார். அதிகாரி பங்களாப் பக்கம் கையைக் காட்டினான். கார் ஓடினால் இவர் இங்கே இருக்கலாம். ஓடாவிட்டால் அடுத்த லாரியில் சயாம்.

"ஏங்க, ஒரு ஸ்க்ரூ கழட்டத் தெரியுமா உங்களுக்கு?" என்று கேட்டேன்.

"கழட்டிப் பார்த்தாத்தானே தெரியும்."

பங்களா மேட்டில், லயம் பள்ளத்தில். தள்ளிவிட்டதும் கார் எங்கள் வாசலுக்கே உருண்டு வந்து நின்றது. சுலபமாக நடந்தது அது ஒன்றுதான்.

எஞ்சின் எண்ணெயைத் திறந்துவிட்டார். பால் ஊற்றிய தேத்தண்ணீர் நிறத்தில் வந்தது. உள்ளே தண்ணீர் கலந்துவிட்டது என்று எனக்கே புரிந்தது. மேல் மூடியைக் கழற்றினால், மூடிக்கும் எஞ்சினுக்கும் நடுவே வைக்கிற கேஸ்கெட் தகடு எரிந்து ஓட்டையாகிக் கிடந்தது. புதுசு வாங்க எந்தக் கடையும் திறந்திருக்கவில்லை. அட்டையை எண்ணெயில் ஊறவைத்து வெட்டிப் போட்டார். கார் இருமியது, அட்டை கருகியது, லயம் முழுக்க நாற்றம்.

பிறகு அவர் கண் அடுப்படிப் பக்கம் போனது. அங்கே என் செப்புத் தவலை. கல்யாணத்துக்கு அப்பா கொடுத்த சீர். வயிற்றுப் பக்கத்தில் என் பேரைப் புள்ளி புள்ளியாக வெட்டிக் கொடுத்திருந்தார். இந்த மலைக் குளிரில் தினமும் அதில்தான் வெந்நீர்.

"அதை மட்டும் கேக்காதீங்க."

"நான் எங்க கேட்டேன்? பார்த்தேன், அவ்வளவுதான்லா."

தவலையா, தாலியா என்றால் என்னத்தைச் சொல்வது? "எடுத்துத் தொலைங்க. ஆனா என் பேரு மேல கை வைக்கக் கூடாது, சொல்லிட்டேன்!" என்றேன். நன்றாகத் தலையாட்டினார்.

மரவள்ளி நடப் போய்விட்டுத் திரும்பி வந்து பார்க்கிறேன், தவலை துண்டு துண்டாகக் கிடக்கிறது. பேர் இருந்த பக்கத்தைக் காணோம். என் அடுப்பிலேயே அதைப் பழுக்கக் காய்ச்சி, தட்டி நிமிர்த்தி, பழைய தகட்டை மேலே வைத்து அளவு பார்த்து வெட்டி, எஞ்சினுக்குள் வைத்து மூடியும் விட்டார். அடிப்பக்கம் தீயில் தேய்ந்து மெலிசாகிவிட்டதாம், வயிற்றுப் பக்கம்தான் கனமாம். "படுபாவி, அவ்வளவு சொன்னேனே!" என்று கத்திவிட்டு அவரோடு பேச்சை நிறுத்தினேன். அவித்த மரவள்ளியை ணங்கென்று முன்னால் வைத்தேன். அவர் அதையும் நிதானமாகத் தின்றார்.

கார் ஓடியது. சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே ஓடியது. எஞ்சினின் ஒரு ஓரத்திலிருந்து மட்டும் வெள்ளையாகப் புகை வந்துகொண்டிருந்தது. அதிகாரி வந்து அதைக் காட்டி என்னவென்று கேட்டான். "இந்த ஜாதிக் கார் எல்லாமே இப்படித்தான், துவான்" என்று இவர் மலாயில் பணிவாகச் சொன்னார். அதிகாரி சிரித்துவிட்டுப் பின்னால் ஏறி உட்கார்ந்து, இவரை முன்னால் ஏறச் சொன்னான்.

"சாயங்காலம் வந்துடறேன்" என்று என்னிடம் சொன்னார்.

வரவில்லை. மலைக்குக் கீழே தாப்பா டவுனில் அதிகாரிக்குக் கார் ஓட்டிக்கொண்டிருக்கிறார் என்று வெகுநாள் கழித்து ஒரு லாரிக்காரன் சொன்னான். சயாமுக்குப் போகவில்லை என்றதும்தான் எனக்கு மூச்சு வந்தது. ஆனால் தினமும் பச்சைத் தண்ணீரில் குளிக்கிறவள் நான். செம்புக்குச் செம்பு அவரைத் திட்டித்தான் ஊற்றிக்கொண்டேன்.

ஒருநாள் மழையில் தொப்பலாக நனைந்து, கக்கத்தில் ஒரு சாக்குச் சுருட்டோடு வந்து நின்றார். நடந்தே மலை ஏறியிருக்கிறார்.

"அதிகாரிக்குச் சயாமுக்கு மாத்தல். காரோட என்னையும் வரச் சொன்னான்."

"ஐயோ! அப்புறம்?"

"அவ்வளவு தூரம் ஓட்டணும்னா மொதல்ல இந்தப் புகையைச் சரி பண்ணணும் துவான்னேன். சரி, எஞ்சினைத் தொறன்னான். தொறந்தேன். இதை உருவிக்கிட்டுக் காட்டு வழியா வந்துட்டேன். இது இல்லாம அது நகராது."

சாக்கைப் பிரித்தேன். என் தவலைச் செம்பு. நாலு பெரிய ஓட்டை, சுற்றிலும் சின்ன ஓட்டைகள். ஓரத்தில் என் பேர், ஒரு எழுத்துகூட வெட்டுப்படாமல், உப்புப் பூத்து வெள்ளையாக இருந்தது.

"புகை இது வழியாத்தான் வந்துச்சா?"

"ஆமா. அந்தப் புள்ளிப் பள்ளத்துல ஆவி கசிஞ்சுச்சு. அது மேலயும் சுத்தியால தட்டியிருந்தா அடைஞ்சிருக்கும்."

"பின்னே ஏன்யா தட்டல?"

"நீதானே பேரு மேல கை வைக்காதேன்னே."

அழுதேன். வாய்விட்டே அழுதேன். பிறகு அவரை மரவள்ளிக் கொல்லைக்குள் கொண்டுபோய் ஒளித்துவைத்தேன். நடுங்குகிற மனுஷனுக்கு வெந்நீர் வைக்கலாம் என்று அடுப்படிக்கு வந்தால், வைக்க ஏனம் இல்லை. திரும்பப் போய் ஒரு மூச்சுத் திட்டிவிட்டு வந்தேன்.