அத்தானின் இரத்தத்துக்குச் சாதகம் பார்த்த கதை

கல்யாணத்துக்குச் சாதகம் பார்ப்போம். புதுக் காரின் டயருக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைக்கவும் நேரம் பார்ப்போம். ஸ்டெம் செல்லுக்கு? வெள்ளவத்தையில் அதுவும் நடந்தது — என் அக்கா வீட்டில்!

அத்தான் ஓய்வுபெற்ற பேங்க் மனேஜர். இரத்தப் புற்றுநோய். மருந்தில் அடங்கியிருந்தது. திரும்ப எழும்புவதற்குள் இன்னொருவரின் ஸ்டெம் செல்லை, அதாவது இரத்தம் உண்டாக்கும் மூலச்செல்லை, ஏற்றவேண்டும் என்றார் டொக்டர். கூடப்பிறந்தவர்கள் இல்லை, ஒரே மகள் தர்ஷி. பிள்ளையென்றால் பாதிதான் பொருந்தும், அது போதும் என்றும் சொன்னார்.

"பாதியோ!" என்றார் அத்தான். நேரே சாத்திரியாரிடம் போய், தன் சாதகத்தையும் மகளின் சாதகத்தையும் நீட்டினார். 'மகளால் தகப்பனுக்குக் கண்டம்... சனி மாறட்டும்' என்று பதில். போச்சுடா!

இதே சாத்திரியார்தான் முன்பு தர்ஷியின் காதலுக்கும் 'பொருத்தமில்லை' என்றவர். அவள் அந்தக் கொட்டாஞ்சேனைப் பெடியனையே கட்டிக்கொண்டு போனாள். அன்றிலிருந்து அத்தான் அவளோடு கதைப்பதில்லை.

சனி ஆற அமர மாறும். புற்றுநோய் பொறுக்குமா? அக்கா அழுதுகொண்டே இருந்தாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் மனிதரை இழுத்துக்கொண்டு டொக்டரிடம் போனேன்.

"ஐயா, உங்கட மகளின்ர இரத்தத்தில நச்சுரல் கில்லர், பிறவிக் கொலைகாரன் எண்டொரு செல் இருக்கு," என்றார் அவர். "செக்பொயின்ற்றில நிக்கிற ஆமி மாதிரி. தனக்குத் தெரிஞ்ச ஐசியை, அடையாள அட்டையைக் காட்டினா விடும். இல்லாட்டி அடிச்சுப்போடும். பாதி பொருந்தாதபடியா, உங்களில ஒளிச்சிருக்கிற கான்சர் செல்லிட்ட அந்த ஐசி இல்லை. முழுக்கப் பொருந்தியிருந்தா இதுவும் பேசாமல் விட்டிடும்."

"கட்டாயம் சுகம் வருமோ?"

"எல்லாருக்கும் எண்டு சொல்லமாட்டன். ஆனா சும்மா இருந்தா நோய் வரும்."

கொழும்புத் தமிழனுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டுமா? 'ஐடென்டிட்டி எக கோ?' என்று ஆமி சிங்களத்தில் அடையாள அட்டையைக் கேட்க, இரத்மலானை பஸ்ஸிலிருந்து எத்தனை தரம் இறங்கி வரிசையில் நின்றிருப்போம்!

அத்தான் என்னைத் திரும்பிப் பார்த்து, "அவள் வருவாளோ?" என்றார்.

கதவைத் திறந்தேன். வெளியே தர்ஷி உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் அந்தப் பெடியன். அக்கா சொல்லிக் காலையிலேயே வந்துவிட்டார்களாம்.

தர்ஷியின் செல்லை ஏற்றினார்கள். அந்தக் கொலைகாரச் செல்கள்தான் முந்திக்கொண்டு முளைத்தனவாம். இப்போது சோதித்ததில் கான்சர் தெரியவில்லை. சாத்திரியாருக்கும் வெட்கமில்லை. 'கண்டம் கழிஞ்சுது, நான் சொன்னனான்தானே' என்று விபூதியோடு வந்து நின்றார்!

போன ஞாயிறு அக்கா வீட்டில் எல்லோருக்கும் சாப்பாடு. என் மகனுக்குப் பெண் பார்க்கிற கதை வந்தது. அத்தான் பழக்கதோஷத்தில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "எத்தினை பொருத்தமாம்?" என்றார்.

அவர் சோற்றுக் கோப்பையில் மீன்குழம்பை ஊற்றியபடி தர்ஷி சொன்னாள்:

"பாதி இருந்தாப் போதும் அப்பா. சாட்சிக்கு நீங்கள் இருக்கிறீங்கள்தானே!"